முன்னால் ஒரு பாட்டு, பின்னால் ஒரு பாட்டு

கம்பெனி பஸ்ஸில் நடு சீட்டு யாருக்கும் பிடிக்காது. முன்னால் உட்கார்ந்தால் காற்று வரும், முதலில் இறங்கலாம். பின்னால் உட்கார்ந்தால் தூங்கலாம். நடுவில் அப்படி ஒரு லாபமும் இல்லை. அந்த நடு சீட்டைத் தேடிப் போய் உட்காருகிறவள் எங்கள் பஸ்ஸில் ஒருத்திதான் இருந்தாள். ஜன்னலோரம் காலியாகக் கிடந்தாலும் அங்கேதான் போவாள். உட்கார்ந்ததும் தலையை முன்பக்கமாக நீட்டிக் கேட்பாள், பிறகு பின்பக்கமாகச் சாய்ந்து கேட்பாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் கழுத்து வலி என்று நினைத்துத் தைலம் கொடுப்பார்கள். அவளும் வாங்கித் தேய்த்துக்கொள்வாள்.

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் ஹாஸ்டலில் ஓர் அறைக்கு ஆறு கட்டில். எல்லோரையும் ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் சங்கரன்கோயில். எனக்கு அடுத்த கட்டில் பரமக்குடி. இவள் ராயபுரத்துக்காரி. ஆனால் இவளை மட்டும் ராயபுரம் என்று யாரும் கூப்பிடவில்லை. அறையிலேயே மூத்தவள் என்பதால் அக்கா. கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் எங்களுக்கு வேலை. நான் வயருக்கு டேப் சுற்றுவேன். சுற்றிய வயரை போர்டில் சொருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை.

அவளிடம் நியாயம் கேட்டுப் போகக் கூடாது. அதை நான் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொண்டேன். பரமக்குடி தபாலில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சாப்பிட்டதும் புத்தகத்தை விரிப்பாள், விளக்கு வேண்டும். நானோ அதிகாலை ஷிஃப்டுக்குப் போக வேண்டியவள், விளக்கை அணைக்க வேண்டும். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு அக்காவிடம் போய் நின்றோம். யார் சொல்வது சரி என்று அவள் கேட்கவே இல்லை.

"நீ எத்தினி மணிக்கு எந்திரிக்கணும்? நீ எத்தினி மணி வரிக்கும் படிப்ப?" இந்த இரண்டு கேள்விதான்.

மறுநாள் கம்பெனியில் வீசிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். ட்யூப்லைட்டின் பாதியை அட்டையால் மூடிக் கட்டினாள். அறையில் பரமக்குடியின் பாதி வெளிச்சம், என் பாதி இருட்டு. கட்டிலில் இருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு, "ரெண்டும் ஓடட்டும்" என்றாள். அவள் வாயில் நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான்.

எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. என் பக்கம்தான் நியாயம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பின்னால் என் வாளியைப் பக்கத்து அறைக்காரி எடுத்துப் போனபோதும் இதே கதை. அவளைப் பிடித்து நாலு கேள்வி கேட்பாள் என்று பார்த்தால், எங்கிருந்தோ இன்னொரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். நியாயம் கேட்டால் வழி சொல்கிற ஆள் அவள். கோபமாக இருக்கும்போது அப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் இன்னும் கோபம் வரும்.

இனி என் தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது இல்லாமல் இந்தக் கதை நகராது. ஊரில் அப்பா என்னைத் தண்ணீர் ஊற்றித்தான் எழுப்புவார். "நீயாவது, வேலைக்குப் போறதாவது. ஆறு மாசத்துல மூட்டையக் கட்டிட்டு வந்துருவ" என்று பஸ் ஏற்றிவிடும்போதும் சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காகவே ஊருக்குத் திரும்பிவிடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

வைராக்கியம் இருந்து என்ன, தூக்கம் விட வேண்டுமே. காலை ஷிஃப்ட் வாரத்தில் ஐந்து மணிக்கு பஸ் வரும். ஸ்ரீபெரும்புதூரில் ஆள் ஏற்றிக்கொண்டு, ஒரகடம் தாண்டி, வடக்குப்பட்டுப் பக்கம் எங்கள் கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம். நான் கடைசி நீள சீட்டில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன். ஒருநாள் எல்லோரும் இறங்கி ஓடிவிட்டார்கள். பஸ் என்னோடு வண்டிகள் நிறுத்தும் மைதானத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து நான் ஓடி வந்து சேர்ந்தபோது லேட். அடுத்த நாள் அக்கா பின்னால் வந்து உலுக்கி எழுப்பிவிட்டுத்தான் இறங்கினாள். நானும் "எந்திச்சுட்டேங்க்கா" என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிட்டேன். இரண்டாவது லேட்.

பயிற்சிக் காலத்தில் மூன்று லேட் ஆனால் அத்தோடு வீட்டுக்கு. சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அன்று ஹாஸ்டலில் ஆளாளுக்குக் கிண்டல். நாளைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று ஒருத்தி சொன்னதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இனிமே எவளாவது என்னத் தொட்டு எழுப்புனீங்க, பாத்துக்கிடுங்க. எங்கப்பா எழுப்புனது போதும். நானா எந்திச்சுக்கிடுவேன்."

கட்டிலில் உட்கார்ந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணாவது லேட் ஆனா?"

"ஆவாது. நானா எந்திச்சுக்கிடுவேன்."

"சர்தான்" என்றாள். அவ்வளவுதான்.

அவள் சுருட்டிக்கொண்டிருந்த வயர் கம்பெனி வயர் இல்லை. அவளுடைய அண்ணன் கல்யாண வீடுகளில் டிஜே போட்டவர். துபாய்க்குப் போகும்போது ஒரு சின்ன மிக்சரையும் பழைய லேப்டாப்பையும் தங்கையிடம் விட்டுப் போயிருந்தார். அவளே சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு சவுண்ட் கார்டு வாங்கி வந்து சேர்த்தாள். டிபன் பாக்ஸ் மூடி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. கண்ணாடி உடைந்த இரண்டு பழைய போன்களில் இருந்து பாட்டு மிக்சருக்குப் போகும். மிக்சரில் கலந்து, சிவப்பு வயரும் வெள்ளை வயரும் வழியாக அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து லேப்டாப்பில் பதிவாகும். ஹாஸ்டலில் ஸ்பீக்கர் வைக்க அனுமதி இல்லை. அதனால் ஒரு பாட்டில் இருந்து இன்னொரு பாட்டுக்கு அவள் நழுவிப் போகிற அழகை நாங்கள் ஹெட்போனைப் பங்கு போட்டுத்தான் கேட்போம்.

அந்த மிக்ஸை பஸ்ஸில் போடலாமே என்று டிரைவர் அண்ணனிடம் அக்கா கேட்டாள். பின்னால் தூங்குகிறவர்களுக்கு மெதுவான பாட்டு, கம்பெனி வாசல் நெருங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வேகம், தானாகவே எழுந்துகொள்வார்கள் என்று விளக்கினாள். டிரைவர் அண்ணன் செய்யாற்றுக்காரர். விடியற்காலையில் குத்துப் பாட்டு போட்டால்தான் அவருக்கு வண்டி ஓடும்.

"இன்னா பாப்பா நீ, தாலாட்டு போட்டா நானும் தூங்கிடுவேன். அப்பால நாப்பது பேரும் ஒரேடியா தூங்க வேண்டியதுதான்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் தன் மிக்ஸ் ஒன்றைச் சும்மா போடச் சொல்லிவிட்டு, ஓடுகிற பஸ்ஸில் முன்னால் இருந்து பின்னாலும், பின்னால் இருந்து முன்னாலும் நடந்தாள். மூன்று தடவை. முன்னால் கேட்ட கிட்டார் பின்னால் கேட்கவில்லை. பின்னால் கேட்ட புல்லாங்குழல் முன்னால் இல்லை. அந்த பஸ்ஸுக்கு வயர் இழுத்த புண்ணியவான் இடது பக்கம், வலது பக்கம் என்று பிரிக்க வேண்டியதை மாற்றிவிட்டிருந்தார். பாட்டின் இடது பாதி முன் ஸ்பீக்கர்களுக்கும் வலது பாதி பின் ஸ்பீக்கர்களுக்கும் போய்க்கொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் எலக்ட்ரீஷியனைத் திட்டியிருப்பார்கள். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இத்த யாரும் ரிப்பேர் பண்ணிடாதீங்கண்ணா" என்று டிரைவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் செய்த காரியத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மிக்சரில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு திருகு உண்டு. ஒரு போனின் திருகை இடது கோடிக்குத் திருகினாள். இன்னொன்றை வலது கோடிக்குத் திருகினாள். இடது பக்கம் டிரைவர் அண்ணனின் குத்து. வலது பக்கம் எங்களுக்கு மெலடி. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே பதிவில்.

"நடுவுல உக்காந்துகினு கீறவங்களுக்கு ரெண்டும் கேக்குமேக்கா" என்று அவள் பேச்சிலேயே கிண்டல் செய்தேன்.

"நடுவுல நான்தான உக்காருவேன்" என்றாள்.

ஆனாலும் நடுவில் நாராசமாகிவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள். அவர் பாட்டில் இரண்டு அடி விழும் நேரத்தில் எங்கள் பாட்டில் சரியாக ஓர் அடி விழ வேண்டும். போனில் வேகத்தை முடி அளவு கூட்டுவாள், முடி அளவு குறைப்பாள். ஒரு காதில் அவர் பாட்டு, மறு காதில் எங்கள் பாட்டு, முகத்தில் பச்சை விளக்குக்குக் காத்திருக்கும் அதே பார்வை. நாங்கள் குசுகுசுவென்று பேசினால், "நல்லாவே பேசுங்கடி. இது வயர்ல போவுது, காத்துல போவல" என்பாள்.

லேப்டாப் சார்ஜரைச் சொருகக் கூடாது. சொருகினால் பாட்டுக்கு அடியில் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் சேர்ந்துகொள்ளும். சார்ஜர் இல்லாமல் அந்தப் பழைய பேட்டரி ஐம்பது நிமிடம் தாங்கும். பயணம் நாற்பத்தைந்து. நடுவில் ஒரு தப்பு நடந்தால் எல்லாம் முதலில் இருந்து. ஒருமுறை போனை ஏரோப்ளேன் மோடில் போட மறந்துவிட்டாள். முப்பதாவது நிமிடத்தில் அவளுடைய அம்மா கூப்பிட்டுவிட்டார். குத்துப் பாட்டு அறுந்து போனது. எனக்குத்தான் ஐயோ என்றிருந்தது. அவள் நிதானமாக அம்மாவிடம் பேசினாள், மீன் குழம்பு வைத்த கதையெல்லாம் கேட்டாள். பிறகு பேட்டரி ஏறுகிற வரை படுத்துத் தூங்கிவிட்டு முதலில் இருந்து தொடங்கினாள்.

பதிவு முடியப் போகிற நேரத்தில் மட்டும் என்னை அறையில் வைத்துக்கொள்ள மாட்டாள். "மாடில துணி காயுது பாரு, எட்தா" என்பாள். வெயில் கொளுத்தும், மழைக்கான அறிகுறியே இருக்காது. நான் காலால் தாளம் போடுவது அவளுக்குத் தொந்தரவு போல என்று நினைத்துக்கொண்டு போவேன். ஒருநாள் துணியோடு திரும்பி வந்தபோது கட்டிலில் ஒரு மைக் கிடந்தது. "பாடுவீங்களாக்கா?" என்று கேட்டேன். "நான் பாட்னா ஹாஸ்டலே காலி ஆய்டும்" என்று சிரித்தாள்.

அடுத்த காலை ஷிஃப்ட் வாரம் அந்தப் பதிவு ஒரு பென்டிரைவில் பஸ் ஏறியது. என்ன சொல்வது, எனக்கு அதுவரை அப்படி ஒரு தூக்கம் வாய்த்ததில்லை. முன்னால் டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். பின்னால் எங்களுக்குப் புல்லாங்குழலும் வயலினும். வடக்குப்பட்டுத் திருப்பம் வந்ததும் எங்கள் பாட்டு மெல்ல வேகம் பிடிக்கும். முன்னால் ஓடிய பாட்டும் பின்னால் ஓடிய பாட்டும் கைகோத்து ஒரே பாட்டாகிவிடும். பஸ் முழுக்க ஒரே அடி. ஒவ்வொருத்தியாகக் கண்ணைத் திறப்பார்கள். வாசலில் பஸ் நின்றதும் டிரைவர் அண்ணன் எழுந்து பின்னால் வருவார். "டிபன் பாக்ஸ், பாட்டில் எல்லாம் எட்த்தீங்களா?" என்று சீட்டு சீட்டாகத் தட்டிக்கொண்டு கடைசி சீட்டு வரை வந்து பார்த்துவிட்டுப் போவார். அதற்குள் நான் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருப்பேன். சில நாள் அவர் சீட்டைத் தட்டுகிற சத்தத்துக்கும் நான் எழுவதற்கும் கொஞ்சம் முன்பின் இருந்திருக்கும். இருந்தால் என்ன? யாரும் என்னைத் தொடவில்லை. நானாக எழுந்தேன்.

அதை நான் சும்மாவும் வைத்திருக்கவில்லை. "பாத்தீங்களா, யாராவது எழுப்புனீங்களா?" என்று அறையில் பீற்றிக்கொண்டேன். பரமக்குடி புத்தகத்தை முகத்துக்கு மேல் தூக்கிக்கொள்வாள். அக்கா, "ஆமாம்மா, தானா எந்திரிக்கிற" என்பாள். அப்பாவுக்குப் போன் போட்டும் சொன்னேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை காலை ஷிஃப்ட் வரும். ஒவ்வொன்றுக்கும் புது மிக்ஸ். ஒரே ஒருநாள்தான் அது சொதப்பியது. எங்கள் பஸ் பிரேக் வேலைக்குப் போய்விட, வேறு பஸ் வந்தது. அதில் வயர் ஒழுங்காக இழுத்திருந்தார்கள். இடது பக்க சீட்டுகளுக்கு இடது, வலது பக்க சீட்டுகளுக்கு வலது. அதாவது இடது வரிசையில் தூங்க வந்தவர்கள் தலையில் குத்துப் பாட்டு இறங்கியது. வலது பக்கம் இருக்கிற டிரைவர் அண்ணனுக்குத் தாலாட்டு.

"பாப்பா, எனக்குக் கண்ணு சொருவுது!" என்று அவர் கத்தினார்.

அக்கா நடு சீட்டில் இருந்து எழுந்து ஓடினாள். ஒரகடம் வருவதற்குள் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டாள். அப்படி ஒரு பதற்றத்தை அவளிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவர் பழைய பாட்டைப் போட்டுக்கொண்டார். அக்கா நேராகக் கடைசி சீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் வாயை மூடவில்லை. ராயபுரத்தில் அவளுடைய அண்ணன் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் தவறான பாட்டைப் போட்ட கதையை வாசல் வரை நீட்டி முழக்கினாள். நான் கொட்டாவி விட்டால் கேள்வி கேட்பாள். மிக்ஸ் சொதப்பிய வருத்தத்தில் பேசுகிறாள், பாவம் என்று நினைத்து, "விடுங்கக்கா, அடுத்த தடவ நல்லா வரும்" என்று நான்தான் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது லேட் எனக்கு வரவே இல்லை. பயிற்சி முடிந்து நிரந்தரம் ஆனேன். அந்தக் காகிதத்தை முதலில் அக்காவிடம்தான் காட்டினேன். அவள் அதை விளக்குக்கு நேராகப் பிடித்து, போர்டில் வயர் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "பச்சை" என்றாள். அதற்கு அடுத்த மாதம் சென்னையில் ஒரு சவுண்ட் சர்வீஸில் வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். மிக்சரையும் கறுப்புப் பெட்டியையும் புடவைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டாள். மிக்ஸ்களை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். "ஒனக்கு ரைட் சைடு மட்டும்தான். லெஃப்ட் கேட்டா தூக்கம் வராது" என்றாள்.

நானும் சொன்ன பேச்சைக் கேட்டேன். பல வருடம் ஆகிவிட்டது. இப்போது ஸ்ரீபெரும்புதூரில் வீடு எடுத்துக் கணவரோடு இருக்கிறேன். அதே கம்பெனியில் லைன் லீடர். ஹெட்செட்டின் வலது பக்கத்தை மட்டும் ஒரு காதில் போட்டுக்கொண்டு அந்த மெலடிகளை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். போன மாதம் அந்த வலது பக்கம் செத்துப் போனது. இடதுதான் வேலை செய்தது. டிரைவர் அண்ணனின் குத்தையும் ஒருநாள் கேட்டுப் பார்ப்போமே என்று சமையல் மேடையில் காய் நறுக்கிக்கொண்டே போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கே கால் ஆடியது.

நாற்பத்தோராவது நிமிடத்தில் பாட்டுகள் கைகோத்தன. பாட்டு ஒரு நொடி தணிந்தது. அக்காவின் குரல் வந்தது.

"அண்ணா, கம்பெனி கேட்டு வரப்போவுது. கடேசி சீட்ல நம்ம சங்கரன்கோயிலு எந்திரிச்சிச்சான்னு ஒருவாட்டி பாத்துடுண்ணா. தொடாத. டிபன் பாக்ஸ் தேட்ற மாரி போ. முன்னாடி கீறவங்கோ யாரும் சிரிக்காதீங்கடி, அவ ரோசக்காரி."

கத்தியைக் கீழே வைத்தேன். போனில் இருந்த மற்ற மிக்ஸ்களையும் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே இடம், அதே குரல். ஒன்றில், "இந்த வாரம் அவளுக்கு ஜொரம், கொஞ்சம் பலமா தட்டுண்ணா." இன்னொன்றில், "இன்னும் ரெண்டு மாசந்தாண்ணா, அப்பால பர்மனென்ட்டு."

பரமக்குடிக்குப் போன் போட்டேன். அவள் எப்போதும் முன் சீட்டு. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் வெடித்துச் சிரித்தாள்.

"இப்பத்தான் தெரியுதா? பஸ்ஸுல முன்பாதிக்கே தெரியும்டி. மூச்சு விட்டா மிக்ஸ் கிடையாதுன்னு சத்தியம் வாங்கிருந்தாங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இருபது பேர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் பின்னால் ராணி மாதிரி தலை வாரிக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு கோபம் போய்க் கண் நிறைந்துவிட்டது. வெங்காயம் என்று கணவரிடம் சொன்னேன். எனக்கு வேலையும் போகக் கூடாது, ரோசமும் போகக் கூடாது. இரண்டையும் ஓட வைத்துவிட்டு நடு சீட்டில் தூங்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார். பேச்சுவாக்கில், "ஆமா, அந்தக் காலத்துல எப்படிட்டீ விடியக்காலம் எந்திச்ச?" என்று கேட்டார்.

"நானாத்தாம்ப்பா எந்திச்சேன்" என்றேன்.